பாதுகாப்புப் பாடம்

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் போல்ட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. கட்டடத்தின் சுவர் ஈரம் காய்வதற்கு முன்பே, மின்சார பேனல்களை மாட்ட வந்த ஒப்பந்தக் கூட்டத்தில் ஒருவராக உள்ளே வந்தார். கூட்டம் வேலையை முடித்துக் கிளம்பிப் போனது. அவர் மட்டும் அங்கேயே நிரந்தரமாகிவிட்டார்.

ஒவ்வொரு போல்ட்டையும் அளவு பார்த்து முறுக்குவார். முறுக்கியதும் அதன் தலையிலிருந்து தகடு வரைக்கும் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு இழுப்பார். அந்த போல்ட்டு மயிரிழை தளர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். தினமும் காலையில் டார்ச் லைட்டோடு எல்லாக் கோடுகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் டீயில் வாய் வைப்பார். வீட்டிலும் அதே கதைதான். "இவரு மூடின சர்க்கரை டப்பாவைத் திறக்க இவரே வேலை முடிஞ்சு வரணும்" என்று அவர் மனைவி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

பதினோரு வருஷம் நானும் அவரும் ஒரே ஷிஃப்ட். இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நல்ல பங்கு இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கட்டடத்துக்கு ஜன்னல் கிடையாது. மேலே இரண்டு மாடி முழுக்க சர்வர்கள். வங்கிக் கணக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டு, விமான டிக்கெட் என்று யார் யாருடைய பிழைப்போ அந்த அலமாரிகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். கீழ்த்தளம் எங்களுடையது. சர்வர்களுக்குக் கரண்ட் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது என்பதால் எல்லாமே இரண்டிரண்டு. ஏ பக்கம் ஒரு பேனல், ஒரு பேட்டரி அறை. பி பக்கம் அதே மாதிரி இன்னொரு ஜோடி. ஒன்று படுத்தால் மற்றொன்று முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும். அதற்காக இரண்டு பக்கத்தையும் பாதி அளவுக்கு மேல் ஏற்றக் கூடாது. இதுதான் ஆரம்பத்தில் எழுதிவைத்த விதி.

மேலே இருந்தவர்கள் அலமாரி விற்றுக்கொண்டே போனார்கள். ஐம்பது சதவீதம் அறுபதானது, அறுபது எழுபதானது. பேனல்களுக்கு இருபத்தாறு வயது. அவற்றில் இருந்த பிரேக்கர்களுக்கு உதிரிப்பாகம் செய்வதை நிறுத்தியே பல வருஷமாகிவிட்டது. செம்புப் பட்டைகளுக்கு நடுவே இருந்த தடுப்புத் தகடுகள் சூட்டில் வெந்து, தொட்டால் அப்பளமாக நொறுங்கும் நிலையில் இருந்தன. போல்ட்டு ஒவ்வொரு வருஷமும் அறிக்கையின் கடைசி வரியில் ஒரே விஷயத்தை எழுதுவார்: "ஏ பக்கப் பேனலை உடனே மாற்ற வேண்டும்." ஒன்பது வருஷம் எழுதினார். அந்த வரி ஒரு வருஷம்கூட மேலே போய்ச் சேரவில்லை.

அதை அடித்தவர் எங்கள் மேனேஜர். மேனேஜர் வேறு யாருமில்லை, போல்ட்டின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்த காலத்தில் போல்ட்டைப் பார்த்து, குடிக்க மாட்டான், எதிர்த்துப் பேச மாட்டான் என்று கணக்குப் போட்டுத்தான் தங்கையைக் கட்டிக்கொடுத்தார். இரண்டாவது கணக்கு அவருக்குக் கடைசிவரை தப்பவில்லை. கட்டடத்துக்குள் போல்ட்டு அவரை "சார்" என்பார். வாசலைத் தாண்டினால் "மச்சான்". மேனேஜருக்கு அந்த வித்தியாசம் கிடையாது. எங்கேயும் "மாப்ளே"தான். அந்த வார்த்தையை வேலை வாங்கும்போது மட்டும் கொஞ்சம் இழுத்துச் சொல்வார்.

"என்ன மாப்ளே, இந்த வருஷமும் அதே பாட்டா? புது பேனல் கேட்டா மேல இருக்கறவன் என்னைத்தான் கேப்பான், இத்தனை நாள் என்ன பண்ணினேன்னு. அடுத்த வருஷம் பாக்கலாம்."

அது நடந்த நாளில் மதியம் ஒரு மணிக்கு நானும் போல்ட்டும் சூடு பார்க்கும் கேமராவோடு சுற்றி வந்தோம். ஏ பக்கப் பேனலுக்குள், செம்புப் பட்டைகள் சேரும் ஓர் இணைப்பு திரையில் வெள்ளையாகத் தெரிந்தது. நூற்றுப் பதினெட்டு டிகிரி. முந்தின வாரம் எழுபத்திரண்டு இருந்தது. போல்ட்டு கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"சார், ஏ பக்கத்தை நிறுத்தணும். இன்னைக்கே."

"நிறுத்தினா?"

"பி தாங்காது. ஏ எழுபத்தொண்ணுல ஓடுது, பி அறுபத்தெட்டு. மேல சில வரிசையை அணைக்கச் சொல்லுங்க. ரெண்டு மணி நேரம் போதும்."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்குப் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஆட்களோடு கட்டடம் பார்க்க வருகிறார். அவர்கள் சம்மதித்தால் மூன்றாவது மாடி கட்டலாம் என்ற பேச்சு ஒரு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு ஒரு லைட்டைக்கூட அணைக்க முடியாது. தளர்ந்த போல்ட்டுதானே? ஓடும்போதே இறுக்கிடுங்க."

"அது முடியாது சார்."

"மாப்ளே, நீங்க செய்யாததா? ரெண்டு சுத்து."

"உள்ள தடுப்பெல்லாம் உதிருது. கை பட்டாலே விழும்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "பயமா இருந்தா விட்டுடுங்க. நான் கட்டாயப்படுத்தலை. இவரு செய்வாரு. என்னப்பா?"

எனக்கு அப்போது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். போல்ட்டுக்கு மட்டும் தெரியும். நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவரை விடுங்க" என்றார் போல்ட்டு. "உடுப்பாவது குடுங்க."

உடுப்பு என்றால் நெருப்பு தாங்கும் முழு உடுப்பு. முகத்துக்குக் கவசம், கைக்குத் தடித்த உறை எல்லாம் சேர்ந்தது. கட்டடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை வரவேற்பறையில் ஒரு பொம்மைக்குப் போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தி, மேலே விளக்கு வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். போல்ட்டு வரவேற்பறைக்குப் போய்ச் சாவி கேட்டார். அங்கே இருந்த பெண் மேனேஜருக்கு ஃபோன் போட்டுப் பேசினாள். ஃபோனை வைத்துவிட்டு, "இன்னைக்கு வேண்டாமாம் சார், விசிட்டர்ஸ் வராங்களாம், பெட்டி காலியா இருந்தா நல்லா இருக்காதாம்" என்றாள். சொல்லிவிட்டுச் சாவி ரிஜிஸ்டரில் ஏதோ எழுதினாள். அவள் அப்படித்தான், தும்மினால்கூட நேரத்தோடு எழுதி வைப்பாள்.

மதியம் ஒன்று ஐம்பதுக்கு ரப்பர் கையுறையும் சாதாரணக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு போல்ட்டு பேனலின் பின்பக்கக் கதவைத் திறந்தார். நான் மூன்றடி தள்ளி டார்ச் அடித்தேன். முதல் போல்ட்டு இறுகியது. இரண்டாவதில் ஸ்பேனரை மாட்டி அரைச் சுற்று திருப்பினார். மேலே இருந்த தடுப்புத் தகடு ஒரு துண்டு உடைந்து விழுந்தது. அது ஸ்பேனரின் முனையைத் தட்டியதா, அவர் கை விலகியதா என்று எனக்குத் தெரியாது. வெளிச்சம்தான் தெரிந்தது. சத்தம் அதற்குப் பிறகு வந்த மாதிரி இருந்தது. நான் சுவரில் மோதிக் கீழே கிடந்தேன். எழுந்தபோது அறை முழுக்கப் புகை. செம்பு எரிந்த நாற்றம், அதோடு இன்னொரு நாற்றம். போல்ட்டு மல்லாந்து கிடந்தார். வலது கையுறை கையோடு ஒட்டிப்போயிருந்தது. கண்கள் திறந்திருந்தன. என்னைப் பார்த்தார்.

இடுப்பில் இருந்த ரேடியோ அலறியது. மேனேஜர்.

"என்ன ஆச்சு? மேல சர்வர் ஹால் ஓடுதா?"

"சார், போல்ட்டு அண்ணன் அடிபட்டுட்டாரு. கை..."

"ஹால் ஓடுதான்னு கேட்டேன்!"

"ஏ பேட்டரில ஓடுது சார்."

ஏ பக்கத்து பேட்டரி பழசு. ஏழு நிமிஷம் தாங்கும். அதற்குள் நிறுவனத்தின் சொந்த சர்வர் வரிசைகளை அணைத்துப் பாரத்தைக் குறைத்து, மிச்சத்தை பி பக்கம் மாற்ற வேண்டும். இல்லையென்றால் பி-யும் விழும், கட்டடமே இருட்டாகும்.

"அவரை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல பி-க்குப் போ."

வழி குறுகல். பி பக்கத்துக்குப் போக அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டினேன். என் காலணி அவர் தோளில் பட்டது. ஐந்து நிமிஷம் நாற்பது நொடியில் மாற்றி முடித்தேன். மேலே ஒரு வாடிக்கையாளரின் சர்வர்கூட அணையவில்லை. பிறகு அதற்காக எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். சட்டம் போட்டு, கண்ணாடி மாட்டி.

நான் திரும்பி வந்தபோது போல்ட்டு சுவர்ப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தார். "தாங்குச்சா?" என்றார். "தாங்குச்சுண்ணே" என்றேன். அதன் பிறகுதான் கத்த ஆரம்பித்தார்.

ஆம்புலன்ஸைச் சங்கு ஊதாமல் சரக்கு இறக்கும் பின்வாசலுக்கு வரச் சொன்னார்கள். முன்வாசலில் விருந்தினர்களுக்காகக் காத்திருந்தார்கள். பின்வாசல் காவலாளி, பதிவு இல்லாத வண்டியை உள்ளே விட மேலிடத்து அனுமதி வேண்டும் என்று பதினாறு நிமிஷம் நிறுத்திவைத்தான். அவன்மேல் தப்பில்லை. அப்படித்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூன்று மணிக்கு விருந்தினர்கள் வந்தார்கள். பொம்மையைப் பார்த்துப் பாராட்டினார்களாம்.

முழங்கைக்கு நாலு விரல் கீழே கையை எடுத்துவிட்டார்கள். முகத்தின் வலது பக்கம் தோல் உரிந்து, பிறகு வேறு நிறத்தில் வளர்ந்தது. நான்காவது நாள் ஆஸ்பத்திரிக்கு மேனேஜர் ஒரு காகிதத்தோடு வந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். போல்ட்டு ஊசி மருந்தில் கிறங்கிக் கிடந்தார். பக்கத்தில் அவர் மனைவி நாலு நாளாக மாற்றாத உடையில் உட்கார்ந்திருந்தார்.

காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான். "யாரிடமும் அனுமதி வாங்காமல், மேலதிகாரி தடுத்தும் கேட்காமல், பாதுகாப்பு உடை அணியாமல் நானே பேனலைத் திறந்தேன்."

"என்னண்ணா இது?" என்று கேட்டார் மனைவி. "அவரு அப்படி அவசரப்படற ஆளே இல்லையே."

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா? ஆனா நாளைக்கு மின் ஆய்வாளர் வராரு. நான் சொல்லித்தான் திறந்தாருன்னா என்னைத் தூக்கி உள்ள வச்சிடுவாங்க. அண்ணன் ஜெயில்ல இருந்தா உனக்குப் பரவாயில்லையா?"

மனைவி போர்வையை இழுத்துவிட்டார்.

"மாப்ளே இனிமே வேலைக்கு லாயக்கில்லை. நான் இருந்தாத்தான் அவருக்கு உள்ள ஒரு நாற்காலி போட முடியும். பொண்ணு அடுத்த வருஷம் படிப்பு முடிக்கறா. அவளுக்கு யாரு இருக்கா? நானும் போயிட்டா மூணு பேரும் நடுத்தெருவுல நிக்கணும்."

மேனேஜர் பையிலிருந்து மைப் பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். மனைவி என்னைப் பார்த்தார். நான் அங்கே இருந்தவன், எனக்கு உண்மை தெரியும் என்று அவருக்குத் தெரியும். ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கணவரின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கட்டைவிரலை மையில் தொட்டுக் காகிதத்தில் வைத்து அழுத்தினார். முதல் ரேகை சரியாக விழவில்லை. மேனேஜர், "இன்னொரு தடவை" என்றார். அழுத்தினார். கீழே சாட்சி என்று இருந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

மாலையில் போல்ட்டுக்குத் தெளிவு வந்தது. விரலைப் பார்த்து, "இது என்ன மை?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரி ஃபாரம்" என்றார் மனைவி.

விசாரணை ஒரு வாரத்தில் முடிந்தது. ஆளின் அலட்சியம் என்று எழுதிவிட்டார்கள். காகிதத்தைக் காட்டியபோதும் போல்ட்டு எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் பேனல்களையும் ஆறு மாதத்துக்குள் மாற்றத் தொடங்க வேண்டும் என்று ஆய்வாளர் ஒரு வரி சேர்த்துவிட்டுப் போனார். ஒன்பது வருஷமாக மேனேஜர் அடித்துக்கொண்டிருந்த வரி இப்போது மேனேஜரின் பெயரிலேயே திட்டமாக வந்தது. கீழ்த்தளத்தையே புரட்டிப்போடும் வேலை. புது பேனல்கள், புது வகை பேட்டரிகள், ஏ-க்கும் பி-க்கும் துணையாக சி என்று மூன்றாவது பாதை. வாசலில் லாரியோடு வாடகை ஜெனரேட்டர் வந்து நின்றது. சர்வர் வரிசைகளை ஒவ்வொன்றாகப் புதுப் பாதைக்கு மாற்றி, பழையதை வெட்டி எடுக்க இரண்டரை வருஷம் என்று கணக்குப் போட்டார்கள். திட்டத்துக்குத் தலைவர் மேனேஜர்தான். பதவியும் ஒரு படி ஏறியது.

வேலைக்கு வெளியிலிருந்து மாதாமாதம் புது ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வேண்டும் என்பது சட்டம். போல்ட்டுக்குச் சொன்னபடியே நாற்காலி போட்டார்கள். வரவேற்பறையில் வருகைப் பதிவேடு எழுதுவது, மாதத்தின் முதல் திங்கட்கிழமை வகுப்பில் போய் நிற்பது. அவ்வளவுதான் வேலை.

படிப்பதற்கு ஒரு பக்கம் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார்கள். முதல் நாள் முப்பது பேருக்கு முன்னால் நின்று, இடது கையில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு படித்தார். "நான் யாரிடமும் அனுமதி பெறாமல் பேனலைத் திறந்தேன். என் அலட்சியத்துக்குக் கிடைத்த பரிசு இதுதான். கையை உயர்த்தவும்."

கடைசி இரண்டு வார்த்தைகள் அவர் செய்ய வேண்டியதற்கான குறிப்பு. அதையும் சேர்த்துப் படித்துவிட்டார். அறையே சிரித்தது. யாரோ ஒருவன் தன் கையை உயர்த்தினான். மேனேஜரும் சிரித்தார். வகுப்பு முடிந்ததும் போல்ட்டைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்ளே, முழுக்கைச் சட்டை வேண்டாம். மடிச்சு விட்டுக்குங்க. அவங்களுக்குத் தெரியணும்ல."

அடுத்த மாதத்திலிருந்து சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். ஒரு கையால் மடிக்க முடியாது, வீட்டில் மனைவி மடித்துவிடுவார். புது ஆட்களுக்குப் போல்ட்டு என்ற பெயர் தெரியாது. அவர்கள் வைத்த பெயர் பாடம். "பாடம் டீ குடிக்குது", "பாடத்துகிட்ட கையெழுத்துப் போட்டுட்டு வா". அவர் காதில் விழும்படியேதான் சொல்வார்கள்.

மகள் படிப்பை முடித்து அந்தத் திட்டத்திலேயே பயிற்சி இன்ஜினியராகச் சேர்ந்தாள். மாமா கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். விபத்தின்போது அவள் விடுதியில் இருந்தவள். அப்பா அவசரப்பட்டார், மாமா தடுத்தும் கேட்கவில்லை என்றுதான் அம்மா சொல்லியிருந்தார். புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் வகுப்பில் உட்கார வேண்டும். அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். போல்ட்டு காகிதத்தைப் பார்க்காமலே சொன்னார். அதற்குள் மனப்பாடம் ஆகியிருந்தது. கை உயர்த்தும் இடம் வந்ததும் உயர்த்தினார். அவள் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவன் அவளிடம் குனிந்து, "இந்த ஆளுக்குக் கொஞ்சமாவது மூளை இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தான். அவள், "ஆமா" என்றாள்.

வீட்டுக்குப் போய் அவள் அப்பாவிடம் சொன்னது ஒரே வாக்கியம்தானாம். "ஆஃபீஸ்ல என்கிட்டப் பேசாதீங்கப்பா, ப்ளீஸ்." அதை போல்ட்டே என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் முகத்தில் இடது பக்கம் மட்டும்தான் சிரிக்கும்.

ஏழெட்டு மாதம் கழித்து மகள் என்னைத் தேடி பேட்டரி அறைக்கு வந்தாள். புதுப் பாதைக்கு எவ்வளவு பாரம் மாற்ற வேண்டும் என்று கணக்கெடுக்க, பழைய பதிவேடுகளை எல்லாம் அவளிடம் கொடுத்திருந்தார்கள். ஆவண அறையில் மூன்று நாள் தூசிக்குள் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் இரண்டு கட்டு. ஒன்று அப்பாவின் ஒன்பது வருஷ அறிக்கைகளின் நகல், கடைசி வரி அடிபட்ட நிலையில். இன்னொன்று வரவேற்பறைச் சாவி ரிஜிஸ்டர். விரல் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். அதில் எழுதியிருந்தது: மதியம் ஒன்று முப்பத்தைந்து. பாதுகாப்பு உடைச் சாவி கேட்டார். விருந்தினர் வருகை காரணமாக மேனேஜர் மறுத்தார்.

"அங்கிள், உடுப்புப் போடலைன்னுதானே சொன்னீங்க எல்லாரும்?"

நான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன்.

"அப்பாவைத் திறக்கச் சொன்னது யாரு?"

"அது... விசாரணையில வந்ததுதாம்மா."

"உங்களைக் கேக்கறேன்."

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லை" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ரிஜிஸ்டரை மூடித் தோள்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். இனி எல்லாம் வெளியே வரும், என் கையெழுத்தும் வரும் என்று நினைத்தேன். ஓரத்தில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரு வாரம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் அவள் பெயர் இருந்தது. சி பாதைக்கு மாற்றும் வேலை முழுக்க அவள் பொறுப்பு. மேனேஜர் இனிப்பு கொடுத்தார்.

நடந்ததை போல்ட்டு டீ இடைவேளையில் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் தட்டைப் பார்த்தபடி பேசினாள்.

"அப்பா, எனக்குத் தெரியும். ரிஜிஸ்டர் பாத்தேன். உங்க மேல தப்பில்லை."

போல்ட்டு ஸ்பூனைக் கீழே வைத்தார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் இரண்டு வருஷமாகக் காத்திருந்தார். யார் வாயிலிருந்தாவது வர வேண்டும் என்று நினைத்தார், அவள் வாயிலிருந்தே வந்தது. எழுந்து அவள் பக்கம் போகப் பார்த்தார்.

"ஆனா இப்ப அதைக் கிளறி என்னப்பா ஆகப்போகுது?" என்றாள் அவள். "கை திரும்பி வருமா? மாமாவைத் தூக்கினா அந்த இடத்துக்கு வர்றவன் என்னை வச்சிருப்பானா? பேப்பர்ல ரேகை வச்சது அம்மாதானாம், அம்மாவே சொன்னாங்க. அவங்களையும்தான் இழுப்பாங்க. ப்ராஜெக்ட் முடியற வரைக்கும் இப்படியே இருங்க. எனக்காக."

மனைவி எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். ரேகையை வைத்தது யார் என்பது போல்ட்டுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அதுவரை நர்ஸ் வைத்திருப்பாள், மேனேஜர் வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

"ரிஜிஸ்டர் எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லப்பா."

"இல்லைன்னா?"

"கிழிச்சுப் போட்டுட்டேன்."

சொல்லி முடித்துவிட்டு போல்ட்டு மிச்ச டீயைக் குடித்தார். அடுத்து வந்தது மாதத்தின் முதல் திங்கட்கிழமை. சட்டையை மடித்துக்கொண்டு வந்து நின்றார். அன்று காலை அதை மடித்துவிட்டதும் அதே மனைவிதான்.

மேம்பாட்டு வேலை குறித்த தேதிக்கு ஒரு மாதம் முன்பே முடிந்தது. கடைசி வரிசையை மாற்றியபோது எல்லாரும் கைதட்டினார்கள். மகளை மேடைக்கு அழைத்தார்கள். அவள் நிர்வாகத்துக்கும், தனக்கு வழிகாட்டிய மாமாவுக்கும் நன்றி சொன்னாள். பழைய ஏ பக்கப் பேனலை கேஸ் கட்டரால் மூன்று துண்டாக அறுத்துத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். வெளியே போகும் சாமானுக்குச் சீட்டு எழுதுவது வரவேற்பறை வேலை. "பழைய பேனல், ஒன்று" என்று போல்ட்டு இடது கையால் கோணலாக எழுதி, கிழித்துக் கொடுத்தார்.

வெளி ஆட்கள் போய்விட்டதால் மாதாந்தர வகுப்புக்கு அவசியம் இல்லாமல் போனது. இனி வருகிறவர்களுக்குப் படமாகக் காட்டிவிடலாம் என்று மேனேஜர் யோசனை சொன்னார். படம் பிடிக்க ஆட்கள் வந்தார்கள். போல்ட்டு நான்கு முறை சொன்னார். "கொஞ்சம் கண்ணு கலங்கினா நல்லா இருக்கும் சார்" என்றான் கேமராக்காரன். அவருக்குக் கலங்கவில்லை. ஐந்தாவது முறை கண்ணில் எதையோ சொட்டினார்கள். அந்த மாதக் கடைசியில், அந்தப் பணியிடமே இல்லை என்று கடிதம் வந்தது. "வீட்ல நிம்மதியா ஓய்வெடுங்க மாப்ளே" என்று மேனேஜர் தோளில் தட்டினார்.

நான் போய்ப் பார்க்க எட்டு மாதம் ஆனது. போகக் கூடாது என்றில்லை, தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் எனக்குக் கண் அறுவை முடிந்திருந்தது. அவர்தான் கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். உட்காரச் சொன்னார். மனைவி உள்ளேயிருந்து வந்து, எப்படி இருக்கீங்க என்று கேட்டுவிட்டு உடனே உள்ளே போனார். அந்த வீட்டில் மூன்று பேரும் மூன்று நேரத்தில் சாப்பிடுகிறார்கள் என்பது மேஜையைப் பார்த்தாலே தெரிந்தது. மகள் வேலைக்குப் போயிருந்தாள்.

கொஞ்ச நேரம் கண் அறுவையைப் பற்றிப் பேசினோம். பிறகு நான் சொன்னேன். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தது.

"அண்ணே, அந்தப் பேப்பர்ல சாட்சிக் கையெழுத்து என்னோடது."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"வேற யாரு போட்டிருப்பா?"

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார்.

"அன்னைக்கு என்னைத் தாண்டிப் போனேல்ல," என்றார் கடைசியில், "அதை நான் தப்புன்னு சொல்லமாட்டேன். அது வேலை. நீ கீழ கிடந்திருந்தா நானும் தாண்டித்தான் போயிருப்பேன். ஆனா ஆஸ்பத்திரில வந்து நின்னு எழுதினியே. அங்க என்ன அவசரம்? அங்க எந்த பேட்டரி தீர்ந்துட்டிருந்துச்சு?"

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"நீ ஒருத்தன் முடியாதுன்னு சொல்லியிருந்தா அவ வச்சிருக்கமாட்டா. உன்னைத்தான் பாத்திருப்பா. எனக்கு அவளைத் தெரியும்."

அவர் எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். குரல் உயரவே இல்லை.

"கண்ணைப் பத்திரமா பாத்துக்க. இனிமே வராதே."

படியிறங்கினேன். பின்னால் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. ஒரு கையால் போடுவதால் இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவை விழுந்தது. அதற்குப் பிறகு நான் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. கீழ்த்தளத்தில் இப்போது நான்தான் மூத்தவன். அடுத்த திங்கட்கிழமை புது ஆட்கள் எட்டுப் பேர் சேருகிறார்கள். போல்ட்டு பேசிய படத்தைப் போட்டுக் காட்ட வேண்டியது என் பொறுப்பு.